உளி யார் கைக்கு?



போன தை மாதம் ஓர் இழைப்புளியும் இரண்டு உளியும் வாங்கிக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். "தச்சு வேலை கத்துக்கலாம்னு இருக்கேன். சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன். கட்டில் கால் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க சார், பென்சன் ஒழுங்கா வரலீங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்ற பையன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கானுங்க. இந்த உளியை அவன் தொட்டதே இல்லீங்க. நாந்தான் தொட விடலை. நீங்க என்னன்னா இந்த வயசுல தேடி வந்து கேக்கறீங்க" என்றார்.

கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. தகப்பன் மகனைத் தொட விடாத ஒன்றை, எழுபதைத் தாண்டிய ஒரு குமாஸ்தா ஆசைப்பட்டுத் தொடுகிறான். இது எப்படி வந்தது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். வேலையும் அங்கேதான். ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊரான ஜேடர்பாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் ஊர் இந்தியாவுடையதாயிற்று. ஆனாலும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுப் பாடம் நிற்கவில்லை. பெரிய வகுப்பில் ரூசோவைப் பற்றி வாத்தியார் சொல்லுவார். 1762-ல் ரூசோ எழுதிய 'எமில்' என்ற நூல், ஒரு பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்பதைப் பற்றியது. எமில் பணக்கார வீட்டுப் பிள்ளை. அவனும் ஒரு கைத்தொழில் கற்றாக வேண்டும் என்கிறார் ரூசோ. செல்வம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும், கைத்தொழில் கூடவே வரும் என்பது அவருடைய வாதம். பல தொழில்களை எடைபோட்டுப் பார்த்துக் கடைசியில் தச்சு வேலையைத் தேர்ந்தெடுக்கிறார். அது சுத்தமானது, பயனுள்ளது, வீட்டிலேயே செய்யலாம், உடம்புக்கும் வேலை, புத்திக்கும் வேலை என்று காரணம் சொல்கிறார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ எமில் தச்சர் வீட்டுக்குப் போய், அவர் எழும் நேரத்தில் எழுந்து, அவரோடு வேலை செய்து, அவர் வீட்டிலேயே சாப்பிட வேண்டும்.

இந்தப் பாடம் கேட்டபோது எனக்கு வேறொரு சம்பவம் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். வீட்டுக் கதவைச் சரிசெய்ய ஆசாரி ஒருவர் வந்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய உளியை எடுத்து ஒரு துண்டுக் கட்டையைச் செதுக்கிப் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டார். முதுகில் ஓர் அடி. "இதுவா உன் வேலை? படிக்கிற பிள்ளை தொடுற பொருளா இது?" என்றார். விரல் வெட்டுப்படும் என்ற பயத்தில் அடித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். வெகுநாள் கழித்துத்தான் அது வேறு பயம் என்று புரிந்தது.

எமிலுக்காக ரூசோ கண்ட கனவைப் பிரான்ஸ் நாடு பிறகு சட்டமாகவே எழுதியது. ஜூல் ஃபெர்ரி கொண்டுவந்த 1882 மார்ச் 28 கல்விச் சட்டத்தில், கணக்கு, அறிவியலோடு கைவேலையும் முக்கியத் தொழில்களின் கருவிகளைக் கையாளுவதும் பாடமாகச் சேர்க்கப்பட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் வட ஐரோப்பாவில் 'ஸ்லாய்டு' என்ற முறை வேரூன்றியது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் தொடங்கிவைத்ததை, சுவீடனில் நேஸ் என்ற ஊரில் ஆட்டோ சாலமன் முறைப்படுத்தி, பல நாட்டு ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிள்ளை முதலில் கத்தியில் தொடங்கும். எளிய சாமான் ஒன்று, பிறகு அதைவிடக் கொஞ்சம் கடினமானது என்று படிப்படியாகப் போகும். செய்வது வீட்டுக்குப் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். முதலிலிருந்து முடிவு வரை பிள்ளையே செய்ய வேண்டும். பிள்ளையைத் தச்சனாக்குவது நோக்கம் அல்ல. கையும் கண்ணும் பழக வேண்டும், உடலுழைப்பின் மேல் மதிப்பு வர வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர்களும் இதில் பின்தங்கவில்லை. 1910-ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே கட்டடக் கலைஞர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே தங்கியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. காலன்பாக்குக்குக் கொஞ்சம் தச்சு வேலை தெரியும். பண்ணையில் இன்னொருவருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு சிறு வகுப்பே நடந்தது. பண்ணைக்கு வேண்டிய பெஞ்சு, பெட்டியெல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள். அந்த அனுபவம்தான் 1937 அக்டோபரில் வார்தாவில் ஆதாரக் கல்வியாக உருவெடுத்தது. ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் நூற்பு, நெசவு, விவசாயத்தோடு மரவேலையும் இருந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, குடிசையில் தங்கிக் கதரும் மதுவிலக்குமாக உழைத்தார். கைத்தொழிலின் அருமை தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. அவர்தான் 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறையும். இரண்டு முறையாக வகுப்பு நடத்தினால் இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியரிலும் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டும்தான் இது. நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரப் படிப்பு.

எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். ஆற்றுக்கு அக்கரையில் ஈரோட்டில் பிறந்த பெரியார் கடுமையாக எதிர்த்தார். தி.மு.க. போராடியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் பற்றி இரு தரப்பிலும் இன்றைக்கும் சூடாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அரசியல் வேண்டாம். பட்டறையில் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறேன். ரூசோவும் சாலமனும் ராஜாஜியும் கேட்டது ஒன்றுபோலத்தான் தெரிகிறது: பிள்ளை கையில் கருவியைக் கொடுங்கள். ஆனால் எமிலுக்குத் தச்சு வேலை படிப்போடு கூடுதலாகக் கிடைத்தது. நம்மூர் ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு அது படிப்பைக் குறைத்துக்கொண்டு கிடைத்திருக்கும். எமில் பல தொழில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். இவனுக்குத் தேர்வே கிடையாது.

அந்தப் பிள்ளை ஏற்கெனவே எப்படித் தொடங்கினான் என்பதை எங்கள் ஆசாரியே சொன்னார். ஆறு வயதில் பட்டறையில் இழைப்புச் சுருளை அள்ளிப் போடுவது. பிறகு கொட்டாப்புளியை எடுத்துக் கொடுப்பது. பிறகு உளிக்குச் சாணை. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து ரம்பம் இழுப்பது. ஏர்க்கால், நுகத்தடி, வண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்று எல்லாம் செய்துகொடுத்தால், அறுப்பு முடிந்து களத்துமேட்டில் அளந்து போடும் தானியம்தான் கூலி. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. "கணக்கு நல்லா வருமுங்க எனக்கு. வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டாருங்க. எங்கப்பா அனுப்பலை" என்றார். சொல்லிவிட்டு மறுபடி இழைக்க ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது, களத்துமேட்டுத் தானியமும் நின்றது.

அவர் மகனை ஏன் தொட விடவில்லை என்பது அன்றைக்கு விளங்கியது. என் அப்பா ஏன் அடித்தார் என்பதும் விளங்கியது. அவர் பயந்தது விரலுக்கு அல்ல, அந்தஸ்துக்கு. ஒரு வீட்டில் பிள்ளையை உளியோடு கட்டிப்போட்டார்கள். இன்னொரு வீட்டில் உளியைத் தொட்டால் அடித்தார்கள். இரண்டும் ஒரே வழக்கத்தின் இரண்டு பக்கம். குறை உளியில் இல்லை. பிறப்பைப் பார்த்து அதைக் கையில் கொடுப்பதிலும் பிடுங்குவதிலும்தான் இருக்கிறது.

என் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். முதல் மூன்று வாரம் மரத்தையே தொடவில்லை. உளியைச் சாணை பிடிப்பது மட்டும்தான். முனையைக் கல்லில் ஒரே சாய்வில் வைத்து, கை ஆடாமல் தேய்க்க வேண்டும். மழுங்கிய உளிதான் கையை வெட்டும், கூரான உளி சொன்னபடி கேட்கும் என்பது அவர் பாடம். அடுத்தது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து இழைப்பது. எதிர்ப்பக்கம் தள்ளினால் சிராய் கிளம்பிவிடும். பிறகு மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது. வயதான அன்பர்கள் யாராவது தொடங்க நினைத்தால் இந்த மூன்றுமே முதல் ஆறு மாதத்துக்குப் போதும். மின்சாரக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

பங்குனியில் வேப்பம்பலகையில் ஒரு மணை செய்தேன். நான்கு மூலையில் ஒன்று தரையைத் தொடவில்லை. என் மனைவி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஊஞ்சல் செய்யப் போறேன்னு சொல்லவே இல்லையே" என்றாள். ஆசாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல் சாமானுங்க. இழைச்சுச் சரி பண்ணிராதீங்க, அப்படியே வெச்சிருங்க" என்றார்.

கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து அவருடைய பேத்தி வந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "தாத்தா, நானும் ஒண்ணு செய்யட்டா?" என்று ஆசாரியைக் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது என் விவகாரம் அல்ல.

சற்று நேரம் கழித்து எழுந்து போய், தம்முடைய உளிகளில் சிறியதாக ஒன்றை எடுத்து, முனையை விரலால் தடவிப் பார்த்தார். "மொதல்ல சாணை புடிக்கக் கத்துக்கோ கண்ணு" என்று கல்லை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.