நீல மலரும் நெடுங்கடற் பயணமும்



நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநகரங்களின் தோட்டங்களிலே, வார்போன்ற பச்சை இலைக் கற்றையின் நடுவிலிருந்து இரண்டு முழம்வரை உயர்ந்தெழும் காம்பின் உச்சியிலே, நீலப் பூக்களைக் குடைபோல விரித்து நிற்கும் செடியொன்றை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் அகபாந்தஸ். ஆபிரிக்க லில்லி என்றும் அதனை வழங்குவர். ஆனால் அது லில்லியுமன்று. வெங்காயத்தையும் உள்ளியையும் தன்னுள் அடக்கிய பெருங்குடும்பத்திலே தாவர நூலார் இன்று அதனைச் சேர்த்திருக்கின்றனர். வெங்காயத்துக்குள்ள குமிழ் இதற்கில்லை. சதைப்பற்றுள்ள வேர்களும், மண்ணுக்குள் படரும் தண்டுமே உண்டு. இதன் பிறப்பிடம் ஆபிரிக்காக் கண்டத்தின் தென்கோடி. அங்கிருந்து இது உலகெங்கும் பரவிய வரலாறு, ஒருவகையில் நம் நாட்டு வரலாற்றோடும் உறவுடையது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் நன்னம்பிக்கை முனையிலே தம் நிலையத்தை நிறுவியது 1652ஆம் ஆண்டில். கீழைத்தேயங்களுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நன்னீரும் காய்கறியும் கொடுப்பதே அதன் நோக்கம். ஆறாண்டுகளின் பின், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை அதே கம்பனியின் கைக்கு வந்தது. ஆகவே இலங்கைக் கறுவாவை ஏற்றிய கப்பல்கள் முனையிலே தங்கிச் செல்வது வழக்கமாயிற்று. கறுவா சென்ற வழியிலேயே செடிகளும் சென்றன. கம்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கைக்குப் புறப்பட்ட பவுல் ஏர்மன் என்பார், வழியிலே முனையில் இறங்கியபோது அந்நிலத்துச் செடிகளைப் பறித்து உலர்த்திச் சேர்த்தார்; பின்னர் இலங்கையிலும் சில ஆண்டுகள் அவ்வாறே செய்தார். அவர் இலங்கையிற் சேர்த்த தொகுதியை வைத்துக்கொண்டுதான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப்பற்றிய தம் நூலை எழுதினார். லின்னேயஸ் இலங்கையைக் கண்டதேயில்லை. முனையையும் அவர் கண்டதில்லை.

நம் நீல மலரைப்பற்றிய முதற் குறிப்பு 1679ஆம் ஆண்டளவிலே கிடைக்கின்றது. டான்சிக் நகரத்து வணிகரும் தாவர ஆர்வலருமான யாக்கோப் பிரைன், லெய்டனுக்கு அருகில் வார்மண்ட் என்னுமிடத்திலே, ஒல்லாந்த அரசதந்திரி பெவர்னிங்கின் தோட்டத்தில் மலர்ந்த செடியொன்றை விவரித்தார். அக்காலத்திலே செடியின் பெயரென்பது ஒரு முழு வாக்கியம். கிழங்குவேருடைய, ஆபிரிக்காவிற்குரிய, நீலக் குடைப்பூவுள்ள, மணமற்ற பதுமராக வகை என்று பொருள்படும் நீண்ட இலத்தீன்த் தொடரொன்றை அவர் சூட்டினார். 1692அளவில் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோட் அரண்மனைத் தோட்டத்திலும் அச்செடி இருந்தது. வில்லியம் மன்னரும் மேரி அரசியும் ஒல்லாந்திலிருந்து வந்தபோது, அந்நாட்டுச் செடிப் பித்தும் அவர்களோடு கடல் கடந்தது என்க.

1753இல் லின்னேயஸ் இதனை விஷமூங்கில் இனத்தோடு சேர்த்துக் கிரைனம் ஆபிரிக்கானம் என்றார். இப்போது நாம் வழங்கும் பெயரைத் தந்தவர் பாரிஸ் நகரத்து நீதிபதியொருவர்: சாள்ஸ் லூயி லெரித்தியே. தென்னமெரிக்காவிலே டொம்பே என்பவர் திரட்டிய செடித்தொகுதி இவரிடம் இருந்தது. அதனைத் திருப்பித் தரவேண்டுமென ஸ்பானிய அரசு கோரியதும், 1786இல் அத்தொகுதியோடு இரவோடிரவாக இலண்டனுக்கு ஓடியவர் இவர்! ஓடிப்போன இடத்திலே கியூத் தோட்டத்துச் செடிகளை ஆராய்ந்து, 1788ஆம் ஆண்டைத் தாங்கிய நூலொன்றை வெளியிட்டார். அதிலேதான் கிரேக்கத்தின் அன்பையும் மலரையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அகபாந்தஸ் என்று பெயரிட்டார். அன்பு மலருக்குப் பெயர் தந்த அம்மனிதர், 1800ஆம் ஆண்டிலே பாரிஸ் தெருவில் யாரோ ஒருவனின் வாளுக்கு இரையானார்.

ஐரோப்பியர் அன்பு மலர் என்றழைக்குமுன்பே, தென்னாபிரிக்காவின் கோசா மக்களிடத்தும் சூலு மக்களிடத்தும் இதற்குத் தனிப் பெயர்களும் பயன்களும் இருந்தன. கருவுற்ற பெண்களுக்கான மருந்திலே இதன் வேர் சேர்ந்தது. மகப்பேறு வேண்டி அவ்வேரைக் கோத்து அணியும் வழக்கமும் கோசா மகளிரிடையே உண்டு. தோட்டக்கலை நூல்கள் இச்செய்தியை ஓரடியிற் கடந்துவிடுகின்றன. அது முறையன்று என்பது என் எண்ணம்.

இனி, தோட்டக்காரரை நெடுங்காலம் மயக்கிய ஒரு செய்தி. ஒல்லாந்தர் முதலில் கண்டது முனையை அடுத்த மலைப்பாறைகளில் வளரும் ஆபிரிக்கானஸ் என்னும் சிற்றினத்தை. அங்கே மழை குளிர்காலத்திற் பெய்யும், கோடை வறண்டது. மணற்கல் இடுக்கிலே வாழும் அச்செடி, காட்டுத்தீ பரவிச்சென்ற பின்னரே மிகுதியாய்ப் பூக்கும் இயல்பினது. அதனைச் சாடியில் வளர்ப்பது கைதேர்ந்தவருக்கும் கடினம். பின்னர், கோடையிலும் மழைபெறும் கிழக்குக் கரைப்பகுதியிலிருந்து வேறொன்று வந்தது. 1809இல் வில்டெனோ அதற்குப் பிரேக்கொக்ஸ் என்று பெயரிட்டார். பெரிதாய் வளர்வது, எளிதிற் பூப்பது. உலகத் தோட்டங்களை நிறைத்தது இதுவே. எனினும் நாற்றுமேடை வணிகர் இதனையும் ஆபிரிக்கானஸ் என்றே விற்றனர். இன்றும் சிலர் அவ்வாறே விற்கின்றனர். பெயரை நம்பி நூலைப் புரட்டியவர், பாறைச்செடிக்குரிய விதியைக் கரைச்செடிக்குக் கைக்கொண்டு இடர்ப்பட்டனர்.

இவ்விரு இனங்களும் என்றும் பசுமை மாறாதவை; கடும் உறைபனியைத் தாங்கா. ஆகவே ஐரோப்பாவிலே அகபாந்தஸ் என்றால் மரத்தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் தோடைமரங்களோடு கண்ணாடி மனைக்குள் இழுத்து வைக்கவேண்டிய செல்வர் வீட்டுச் செடி என்ற கருத்து நிலைத்தது. ஆனால் திராக்கன்ஸ்பேர்க் முதலான உள்நாட்டு மலைகளிலே வேறு இனங்கள் இருந்தன. அவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து மண்ணுக்குள் உறங்குவன. இவற்றை முறையாகப் பயன்கொண்டவர் இங்கிலாந்தின் லூயிஸ் பாமர். கேப் டவுனில் 1913இல் நிறுவப்பட்ட கேஸ்டன்பொஷ் தாவரத் தோட்டத்திலிருந்து 1940களின் இறுதியிலே விதைகளைப் பெற்று, வின்செஸ்டரை அடுத்த ஹெட்போர்ன் வேர்தியிலே திறந்த வெளியில் விதைத்தார். அங்கே பிறந்த கலப்பினங்கள் ஆங்கிலக் குளிரை வெளியிலேயே தாங்கின. முனைக்கரையில் மட்டும் செடி தேடியமையால் எழுந்த கருத்தொன்று, இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின்னரே மாறியது.

1965இல் பிரான்சிஸ் லைட்டன் அம்மையார் பத்து இனங்கள் என வகுத்தார். 2003இல் சொனவெல்ட், டங்கன் என்னும் இருவர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் கொண்டு அவற்றை ஆறாகக் குறைத்தனர். வாதம் ஓய்ந்தபாடில்லை.

இவ்வரலாற்றை அறிந்தால் வளர்ப்புமுறை தானே விளங்கும். நம் மலைநாட்டில் வளர்ப்பது பெரும்பாலும் கரைச்செடியின் வழிவந்தது. நல்ல வெயில் வேண்டும். நிழலிலே இலை செழிக்கும், பூ வராது. நீர் தேங்காத மண் வேண்டும். சாடியில் வேர் நெருங்கினால்தான் பூக்கும் என்பர். அது பாதி உண்மை. சற்று நெருக்கம் நன்று. ஆனால் வேர் சாடியைப் பிளக்குமளவு விட்டால் பூக்குறையும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை, பூத்து முடிந்தபின் கூரிய கத்தியாற் பிரித்து நடலாம். பொட்டாசியம் மிகுந்த பசளை ஏற்றது. தழைச்சத்து மிகுந்தால் இலையே மிஞ்சும். ஒன்றைப் பலரும் மறந்துவிடுகின்றனர்: அடுத்த ஆண்டுக்குரிய மொட்டு, இவ்வாண்டுப் பூ உதிர்ந்த அடுத்த மாதங்களிலேயே செடிக்குள் உருவாகிவிடுகின்றது. பூப் போய்விட்டதே என்று அப்போது நீரூற்றாமல் விடுபவர், மறுவருடம் செடியைக் குறைகூறுவதிற் பயனில்லை. விதையிலிருந்து வளர்ப்போர் பூவுக்கு மூன்றாண்டேனும் காத்திருத்தல் வேண்டும்; தாய்ச்செடியின் நிறமே வருமென்ற உறுதியுமில்லை.

பிரெஞ்சு ஓவியர் மொனே தம் குளக்கரையிலே இச்செடியை வளர்த்தார். மூன்று பெருந்திரைகளில் அல்லிக்குளத்தைத் தீட்டியபோது ஓரத்தில் அகபாந்தஸையும் எழுதினார்; பிறகு அதன்மேலேயே வண்ணம் பூசி மறைத்துவிட்டார். அமெரிக்காவின் மூன்று நகரங்களிற் பிரிந்து கிடக்கும் அவ்வோவியத்தை, மறைந்த அச்செடியின் பெயராலேயே இன்றும் அழைக்கின்றனர்.

இதே செடி நியூசிலாந்திலே களையெனப் பெயர்பெற்றுவிட்டது. அங்கே வீட்டுத் தோட்டங்களிலிருந்து விதை பரவி, சாலையோரங்களையும் கடற்கரைச் சரிவுகளையும் மூடிக்கொண்டது. உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆதலால் மலைநாட்டிலே, காடும் புல்வெளியும் அண்மையிலுள்ள தோட்டங்களில் இதனை வளர்ப்போர், பூ வாடியதும் காய் முற்றுமுன்பே காம்பை வெட்டிவிடுதல் நன்று. அவ்வாறு செய்தால் செடியின் வலு விதையிற் செலவாகாமல் வேருக்கே திரும்பும்.