யார் பாட்டு உயர்ந்தது?

மாத்தளைப் பாதை கண்டி நகருக்குள் நுழையும் வாயிலில் இருக்கிறது மஹய்யாவ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, காப்பித் தோட்டங்களை நாடிய தமிழ்த் தொழிலாளரிற் பலர் இந்தப் பக்கமாகவே சென்றனர். நகரைத் துப்புரவு செய்யும் மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. மலையகத்தின் பாட்டை எடைபோட இதனினும் தக்க இடம் ஏது?

கம்பனா, இளங்கோவா என்று பட்டிமன்றம் கூட்டுவது நம்மவர் வழக்கம். மலையகத்திலும் மூவரை ஒருங்கே நிறுத்தலாம். மூவரும் ஒரே போராட்டத்தின் குரல்களே.

முதலாமவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். இந்தியர் எதிர்ப்பு ஓங்கிய நாட்களில், 1940இல், இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்வைப் பற்றிய பாடல்களை நூலாக்கினார். கூட்டங்களில் தாமே பாடினார். அவ்வாண்டு ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானான். அக்காலத்துக்கு அவர் பாட்டு ஓர் ஆயுதம்.

இரண்டாமவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பற்றிய அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 1954இல் வெளிவந்தது. அது உலகின் செவியை எட்டியது. ஆனால் அக்கவிதை யாரைப் பாடியதோ, அவர்களால் அதைப் படிக்க இயலவில்லை. பின்னர் சக்தீ பாலஐயாவின் தமிழாக்கமே அதனை உரியவர்களிடம் சேர்த்தது.

மூன்றாமவருக்குப் பெயரில்லை. கொழுந்து பறிக்கையிலும், குழந்தையைத் தாலாட்டுகையிலும், பிணத்தருகே ஒப்பாரி வைக்கையிலும் பாடியவள் அவள். கங்காணியின் கொடுமையும், கடல்கடந்த பிரிவும், கண்டிச் சீமை என்னும் கனவின் ஏமாற்றமும் அவள் பாட்டில் உள்ளன.

எனது தீர்ப்பு இது: முதலிடம் பெயரில்லாதவளுக்கு, இரண்டாமிடம் மீனாட்சி அம்மாளுக்கு, மூன்றாமிடம் வேலுப்பிள்ளையின் கவிதைக்கு. காரணம் நயமன்று, சான்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பத்திரங்களைக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். பத்திரம் இல்லாதவளின் தாலாட்டும் ஒப்பாரியும், இம்மண்ணில் பிறந்தோம், உழைத்தோம், புதைந்தோம் என்று சாட்சி சொல்கின்றன. எந்தக் கச்சேரியில் இதற்கு மேலான சாட்சியம் உண்டு?

வேலுப்பிள்ளைக்கு இத்தீர்ப்பு இழிவாகாது. அந்த வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே அன்றோ? தம் கவிதையினும் பெரிது ஒன்று உண்டென அவர் அறிந்திருந்தார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! மஹய்யாவ வரிசை வீடுகளிலும் முதியோர் இருக்கின்றனர். விடியுமுன் துடைப்பம் ஏந்திய அந்தத் தலைமுறை என்ன பாடிற்று? ஏடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். தரவரிசையைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாட்டைக் கேட்போம்.