டிஸ்ப்ளே வராத பெட்டிகளின் காலம்

சென்னையில் கம்ப்யூட்டர் ரிப்பேரைப் பெற்று வளர்த்தது ரேடியோ ரிப்பேர்தான். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், கம்ப்யூட்டர் என்ற சொல் கடைப் பலகைகளில் ஏறுவதற்கு வெகு முன்பே ரேடியோ உதிரிபாகங்கள் விற்றார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளியும் ரேடியோக்காரர். "கரண்ட் எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாரு தம்பி, அப்புறமா யோசி" என்பார். நின்றுபோன கம்ப்யூட்டரை எழுப்பும் வித்தை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம் என்று இன்றும் நம்புகிறேன்.

ரேடியோக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரைத் துணிந்து திறக்க முடிந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, அதன் சர்க்யூட் படங்களையும் பெட்டியை எழுப்பும் பயாஸ் நிரலின் வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அதை அப்படியே நகலெடுக்க வழியில்லை. முதலில் காம்பேக்கும், 1984இல் ஃபீனிக்ஸும், அந்த வரிகளைப் பார்த்திராத ஆட்களை உட்காரவைத்து, அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதவைத்தன. ஃபீனிக்ஸ் அதை மற்ற கம்பெனிகளுக்கும் விற்றது. அந்த வாசல் திறந்த பிறகுதான் தைவான் மதர்போர்டுகள் குவிந்தன; ஆளாளுக்கு உதிரியாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' பெட்டிகள் வந்தன. இந்தியா 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் பொருட்களின் சுங்க வரியைப் படிப்படியாக 2005க்குள் நீக்கியது. ஆசிரியர் வீட்டிலும் தையற்கடைக்காரர் வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். தனித்தனியாக வாங்கிப் பூட்டியதைத் தனித்தனியாகக் கழற்றவும் முடியும். எங்கள் பிழைப்புக்கு ஆதாரம் அதுவே.

வாசலில் வந்து நிற்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆன் ஆகுது தம்பி, டிஸ்ப்ளே வரலை." முதலில் காது கொடுக்க வேண்டும். அவார்டு பயாஸ் ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் போட்டால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று குட்டை பீப் வந்தால் ராம். கேபினட்டைப் படுக்கவைத்து, ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை நடராஜ் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று இரண்டு பக்கக் கொக்கியும் பிடிக்கும்வரை அழுத்துவோம். கடற்காற்று அடிக்கும் ஊரில் இந்த வைத்தியம் பல பெட்டிகளை எழுப்பியிருக்கிறது. விசிறியே சுற்றவில்லை என்றால் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் துண்டுக் கம்பியால் இணைப்போம். சுற்றினால் அடுத்த சந்தேகம் போர்டின் மேல். முதலாளி சொன்னதும் அதைத்தானே.

இந்தத் தொழில் தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்த நாள் என்று 1999 ஏப்ரல் 26ஐச் சொல்வேன். அன்று திங்கட்கிழமை. தைவான் மாணவர் சென் இங்-ஹவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விண்டோஸ் 95, 98 ஓடிய பெட்டிகளில் அது இரண்டு வேலை செய்தது. ஹார்ட் டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்தது. முடிந்த இடத்தில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவைத்தது. பயாஸ் போன பெட்டியில் பீப் கூட வராது. பீப் போடச் சொல்லும் நிரலே அங்கே இல்லை.

அதற்கு எங்கள் தெருவில் செய்த வைத்தியத்தை இப்போது சொன்னால் இளம் பையன்கள் நம்புவதில்லை. அதே வகையைச் சேர்ந்த நல்ல போர்டு ஒன்றை எடுத்து, அதன் பயாஸ் சிப்பைச் சற்றே நெகிழ்த்தி, அடியில் தையல் நூலைக் கோத்துவிட்டு, ஃப்ளாப்பி போட்டு டாஸில் பூட் செய்வோம். பூட் ஆகும்போதே பயாஸ் தன்னை ராமில் நகலெடுத்துக்கொள்வதால், அதன் பிறகு சிப்பின் தேவை இல்லை. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலை இழுத்து நல்ல சிப்பை மேலே தூக்கிவிட்டு, செத்த சிப்பை அதே சாக்கெட்டில் நேராகப் பதிக்க வேண்டும். கை நடுங்கி ஒரு கால் பக்கத்துக் காலைத் தொட்டால் இரண்டு போர்டும் போச்சு. பிறகு ஃப்ளாஷ் நிரலை ஓட்டி, எழுதி முடிக்கும்வரை மின்வெட்டு வந்துவிடக் கூடாதே என்று காத்திருப்போம்.

அழிந்த டிஸ்கிலும் வழி இருந்தது. எஃப்.ஏ.டி.32 முறையில் கோப்பு அட்டவணை இரண்டு பிரதிகளாக இருக்கும். பெரிய டிஸ்கில் இரண்டாவது பிரதி அந்த முதல் மெகாபைட்டைத் தாண்டி இருந்ததால் தப்பித்தது. அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன் அதைப் பிடித்துக்கொண்டு டிஸ்கை மீட்கும் ஒரு சிறு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தொழில்காரர்கள் பட்ட கடன் பெரிது.

2000க்குப் பின் சில ஆண்டுகள் மண்டை வீங்கிய கண்டன்சர்களின் காலம். உள்ளிருக்கும் திரவம் சரியில்லாமல், பல கம்பெனிப் போர்டுகளில் அவை உப்பி வெடித்தன. உப்பினதைக் கழற்றி, பட்டை போட்ட கால் நெகட்டிவ் என்று பார்த்து மாற்றுவது ரேடியோக்காரர்களுக்குப் பழைய பாடம். அவர்களுக்கு மறுபடியும் மவுசு வந்தது.

இந்தத் தொழிலில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. "ஃபார்மட் அடிக்கணும்" என்ற பேச்சு. கரண்ட் போய் நின்ற விண்டோஸ் 98 பெட்டியில் ஸ்கேன்டிஸ்க் ஓடி, அறுந்த துண்டுகளை சி.எச்.கே. கோப்புகளாகச் சேர்த்துவைக்கும்; பொறுமையாகப் பார்த்தால் அதற்குள் கடிதம் கிடைக்கும், கணக்கு கிடைக்கும். எக்ஸ்.பி.யில் 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்று நின்றால், பெரும்பாலும் சி.டி.யிலிருந்து இரண்டே கோப்புகளை நகலெடுத்தால் தீரும். அந்தச் சின்னக் காரியத்துக்குப் பதில் டிஸ்கையே துடைத்துவிட்டு ஓ.எஸ். போட்டுத் தந்த கடைகள் ஏராளம். அதில் போனவை கல்யாணப் போட்டோக்கள், இறந்துபோன அப்பாவின் ஒரே படம், பாதி எழுதிய ஆய்வேடு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஜம்பரை ஸ்லேவுக்கு மாற்றி, வேறு பெட்டியில் மாட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் தந்த நாப்பிக்ஸ் சி.டி. வந்த பிறகு கழற்றவே வேண்டாம், சி.டி.யிலேயே லினக்ஸ் எழுந்து டிஸ்கைத் திறந்து காட்டும். டேட்டாவை எடுத்து வைக்காமல் பெட்டியைத் தொடாதவரே என் கணக்கில் மெக்கானிக்.

இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது. எஸ்.எஸ்.டி. பல நேரம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது, பழைய டிஸ்க் பெரும்பாலும் 'டிக் டிக்' என்று முன்பே எச்சரிக்கும். டிஸ்க் முழுவதையும் விண்டோஸ் தானே பூட்டி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. பூட் ஆகாமல் போனால் கேட்பது 48 இலக்க மீட்புச் சாவி. அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும், அவர் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்திருப்பார். திருடனிடமிருந்து அந்தப் பூட்டு காக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே லேப்டாப்பைக் கையில் வாங்கும் முன் நான் இப்போது கேட்பது பீப் சத்தம் பற்றி அல்ல: "சாவியை எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களாம்மா?" இல்லையென்றால், கடையிலேயே உட்காரவைத்து, கணக்கை மீட்கும் வேலையை முதலில் தொடங்குகிறோம்.