படிநிலை அளவீடுகளின் துல்லியம்

ஆய்வக முடிவுகள் எண்ணாக அல்லாமல் படிகளாக வரும்போது, பல ஆய்வகங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடத் தனிப் புள்ளியியல் முறைகள் தேவை. காசநோய்க்கான சளிப் பரிசோதனை நல்ல எடுத்துக்காட்டு. நுண்ணோக்கியில் கிருமியே தெரியாவிட்டால் 'இல்லை'. 100 பார்வைப் புலங்களில் 1 முதல் 9 கிருமிகள் தெரிந்தால் 'சொற்பம்'. 10 முதல் 99 வரை 1+. ஒரு புலத்துக்கே 1 முதல் 10 என்றால் 2+. அதற்கும் மேல் 3+. இந்த 2+ என்பது 1+இன் இரு மடங்கு அன்று. இவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது முறையாகாது என்று 1946இலேயே எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் எச்சரித்தார்.

சிக்கலின் ஆழம் 1947இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. யாகோப் எருஷல்மி பங்கேற்ற மார்பு எக்ஸ்ரே ஆய்வில் நிபுணர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள்; அதே படத்தை மறுபடி காட்டியபோது தாங்கள் முன்பு சொன்னதற்கே மாறாகவும் சொன்னார்கள். தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடும் 'கப்பா' அளவை 1960இல் ஜேகப் கோஹன் தந்தார். எல்லாப் பிழையையும் அது ஒன்றாகவே பாவித்ததால், படிகளுக்கிடையேயான தூரத்துக்கேற்ற எடையை 1968இல் அவரே சேர்த்தார். எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை என்பது ஆய்வாளர் விருப்பம். குறை அங்கேதான் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 5725 என்ற சர்வதேசத் தரநிலை, ஒரே ஆய்வகத்துக்குள் வரும் வேறுபாட்டையும் ஆய்வகங்களுக்கிடையே வரும் வேறுபாட்டையும் பிரித்தது. ஆனால் தொடர் எண்களுக்கு மட்டும். படிகளுக்கு வழிகாட்டியது 2000இல் பிளேர், லேசி இருவரும் முன்வைத்த சிதறல் அளவு. ஒவ்வொரு படி எல்லையிலும், அதற்குக் கீழே விழுந்த பங்கையும் மேலே விழுந்த பங்கையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரே ஸ்லைடைப் பத்து ஆய்வகங்கள் பார்த்து, ஐந்து 2+ என்றும் ஐந்து 3+ என்றும் சொன்னால் சிதறல் 0.25. ஐந்து 'இல்லை' என்றும் ஐந்து 3+ என்றும் சொன்னால் 1, அதாவது உச்சம். எத்தனை பேர் முரண்பட்டார்கள் என்று மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுதான்! இந்தச் சிதறலை ஆய்வகத்துக்குள், ஆய்வகங்களுக்கிடையே என்று பகுக்கும் 'ஆர்டனோவா' முறையைத் தமார் காட்ரிச், எமில் பாஷ்கான்ஸ்கி இருவரும் 2012இல் வெளியிட்டனர்.

காசநோய்த் திட்டங்கள் இத்தனை கணக்குக்குக் காத்திருக்கவில்லை. ஸ்லைடு மறுபரிசோதனையில், கிருமி உண்டு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனால், ஒரு படி வேறுபாடு பிழையாகாது. அதற்கு மேல் போனால்தான் அளவுப் பிழை, அதுவும் சிறு பிழையாகவே பதிவாகிறது.