தூண்டில் ஈயும் காட்டுக்கோழி இறகும்

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து குளங்கள் நிறைந்துவிட்டால், வடமதுரை வட்டாரத்துச் சிறுவர்களுக்குக் கொண்டாட்டந்தான். ஒரு மூங்கில் கழி, சிறிது நைலான் நூல், ஒரு தக்கை, ஒரு முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு, இவை போதும். கெண்டையும் கெளுத்தியும் தாமே வந்து மாட்டும். விராலைப் பிடிக்க வேண்டுமானால் உயிருள்ள தவளை வேண்டும். மீனுக்கு உணவைக் காட்டித்தான் மீனைப் பிடிக்க முடியும் என்பது நாம் அறிந்த பாடம்.

ஆனால், உணவே இல்லாமல், ஒரு பறவையின் இறகையும் சிறிது பட்டு நூலையும் மட்டும் காட்டி மீன் பிடிக்கும் கலை ஒன்று உண்டு. குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் டிரவுட் என்னும் மீனைப் பிடிக்கத் தோன்றிய கலை அது. இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்தக் கலைஞர்கள் பெரிதும் விரும்பித் தேடிய இறகுகளுள் ஒன்று, நம் சிறுமலையில் விடியற்காலையில் கூவும் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! அந்த இறகு இந்த நாட்டிலிருந்து போனதும், அந்த மீன் நம் நீலகிரிக்கு வந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

பூச்சியைப் போல் ஒரு பொய்

டிரவுட் மீனின் உணவில் பெரும்பகுதி பூச்சிகள். வேகமாக ஓடும் குளிர்ந்த ஆறுகளில் கற்களுக்கு அடியில் பலவகை நீர்ப்பூச்சிகளின் இளம் பருவங்கள் வாழ்கின்றன. 'ஒருநாள் பூச்சி' எனப்படும் வகை பல மாதங்கள், சில இனங்களில் ஓரிரண்டு ஆண்டுகள்கூட, நீருக்கு அடியில் வளர்கிறது. பிறகு ஒருநாள் மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறக்கிறது. சிறகு பெற்ற பின் அது உண்பதே இல்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் மடிகிறது. இப்பூச்சிகள் திரளாக நீர்ப்பரப்பில் மிதக்கும் வேளையில் டிரவுட் மீன்கள் மேலெழுந்து அவற்றைக் கவ்வி விழுங்குகின்றன.

இப்பூச்சியையே முள்ளில் கோத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. தொட்டாலே நசுங்கும் அளவுக்கு அது மென்மையானது. ஆகவேதான் மனிதன் போலிப் பூச்சியைப் படைத்தான்.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு மக்கள் முள்ளின் மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, அதில் சேவலின் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை விவரித்திருக்கிறார். இக்கலையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தெளிவான குறிப்பு இதுவே எனலாம். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் போலி ஈக்களைச் செய்யும் முறையைக் கூறுகிறது. 1653-இல் ஐசக் வால்ட்டன் எழுதிய தூண்டில் நூலுக்கு, 1676-இல் சார்லஸ் காட்டன் இந்த ஈக்களைப் பற்றித் தனிப் பகுதியே எழுதிச் சேர்த்தார். 1836-இல் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆற்றங்கரையில் காணும் பூச்சிகளை இனம் பிரித்து, படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற போலியைக் காட்டினார். விளையாட்டு பூச்சியியலாக வளர்ந்தது!

இறகு எப்படி மிதக்கிறது?

போலி ஈயைக் கட்டுபவர் முள்ளைச் சிறிய இடுக்கிக் கருவியில் பொருத்திக் கொள்கிறார். பட்டு நூலைச் சுற்றி உடலை உருவாக்குகிறார். பிறகு சேவலின் கழுத்து இறகு ஒன்றை எடுத்து, அதன் தண்டு முள்ளைச் சுற்றி வருமாறு சுற்றுகிறார். அப்போது இறகின் இழைகள் எல்லாத் திசையிலும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் விரிந்து நிற்கின்றன. இதை நீரில் விட்டால் நூற்றுக்கணக்கான இழை நுனிகள் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல் நடந்துகொள்கிறது என்பதைப் பள்ளியில் 'பரப்பு இழுவிசை' என்ற பாடத்தில் படித்திருப்பீர்கள். இரும்பு முள் மூழ்காமல் மிதப்பது அதன் உதவியால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்கிறது. இறகால் ஆன ஈக்குக் கனமே இல்லை. அதை எப்படி இருபது கஜம் வீசுவது? இங்கே நூலுக்கே கனம் கொடுக்கிறார்கள். சாட்டையைச் சுழற்றுவதுபோல் கழியைச் சுழற்றினால் கனமான நூல் வளைந்து விரிந்து பறக்கும். அதன் நுனியில் ஈ சும்மா தொற்றிச் செல்லும். முற்காலத்தில் குதிரை மயிராலும், பின்னர் எண்ணெய் ஊட்டிய பட்டாலும் இந்நூலைச் செய்தனர். 19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கழி செய்யத் தொடங்கியபோது முதலில் பயன்பட்டது 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர் பெற்ற இந்திய மூங்கிலே.

கழுத்தில் ஒரு மெருகுப் பொட்டு

இனி நம் காட்டுக்கோழிக்கு வருவோம். சாம்பல் நிறக் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை. உலகில் வேறெங்கும் அது இயற்கையில் வாழவில்லை. சேவலின் கழுத்து இறகைக் கையிலெடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இறகின் தண்டு ஆங்காங்கே தட்டையாக அகன்று, அரக்கு மெழுகை ஒரு துளி விட்டதுபோல் வெள்ளையும் மஞ்சளுமான பளபளப்புப் பொட்டுகளாக மாறியிருக்கும். நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவையே இப்பொட்டுகளும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் இந்த அலங்கார இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான இறகுகளைச் சில மாதங்கள் போர்த்திக்கொள்ளும்.

நம் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆயினும் பல வீட்டுக் கோழிகளின் காலில் காணும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு, சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினர்.

விக்டோரியா அரசியின் காலத்தில், சால்மன் மீன் பிடிக்கும் ஈக்களைப் பல நிற இறகுகளால் கட்டுவது பிரிட்டனில் பெருமோகமாகியது. அமெரிக்கக் காடுகளின் பெரிய அலகுப் பறவை, சீனத்தின் பொன்னிற ஃபெசன்ட், இந்தியாவின் மயில், காட்டுக்கோழி ஆகியவற்றின் இறகுகள் ஒரே முள்ளில் கூடின. 'ஜாக் ஸ்காட்' என்னும் புகழ்பெற்ற ஈயின் இரு பக்கங்களிலும் காட்டுக்கோழியின் பொட்டு இறகு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொட்டு சிறு மீனின் கண்ணைப் போல் தோன்றுவதால் பெரிய மீனைக் கவர்கிறது என்று கருதினார்கள்.

டிரவுட் ஈயிலும் இதற்கு இடம் கிடைத்தது. அமெரிக்கரான வின்சென்ட் மாரினாரோ 1950-இல் வெளியிட்ட நூலில் 'ஜாசிட்' என்னும் சிறு ஈயை விவரித்தார். ஜாசிட் என்பது வேறொன்றுமில்லை. பருத்தியும் கத்தரியும் பயிரிடும் நம் உழவர் நன்கு அறிந்த தத்துப்பூச்சியே! கரைப்புல்லிலிருந்து ஆற்றில் விழும் அப்பூச்சியைக் காட்ட, ஒரு பொட்டு இறகை முள்ளின் மேல் தட்டையாக வைத்துக் கட்டினார். நம் நாட்டு இறகைக் கொண்டு, நம் உழவரின் பகையான பூச்சி இனத்தை, அமெரிக்க மீனுக்குக் காட்டினார் எனலாம்.

இங்கே ஒரு கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். இப்பறவை இந்தியாவில் மட்டுமே உள்ளது. ஆகவே, வளர்ப்புப் பறவைகள் பெருகுவதற்கு முன், உலகின் எந்த மூலையில் கட்டப்பட்ட ஈயாயினும் அதிலிருந்த பொட்டு இறகு நம் மலைக்காடுகளில் கண்ணியிலோ துப்பாக்கியிலோ விழுந்த ஒரு சேவலுடையதுதான். 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆனாலும் விலை இருந்தவரை கள்ளக் கடத்தலும் இருந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கு உறுதியான காவல் தந்தது.

மலையேறிய மீன்

இறகு அங்கே போயிற்று. மீன் இங்கே வந்த கதை என்ன?

டிரவுட் மீனை வடமதுரைக் குளத்தில் விட்டால் பிழைக்காது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடுகிறது. நீரில் உள்ளதோ குறைகிறது. 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் தவிக்கத் தொடங்கும். நம் விரால் மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும். டிரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. எனவே அதற்கு மலையுச்சி ஓடைகளே கதி.

'இந்திய மீன்கள்' என்ற பெருநூலைப் பின்னாளில் எழுதிய டாக்டர் பிரான்சிஸ் டே, சென்னைப் படையில் மருத்துவராக இருந்தபோது, 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். வெப்பமான கடல் வழியே பல வாரப் பயணம் அக்காலத்தில் பெருந்தடை. 1864-இல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஈரப்பாசியில் பொதிந்த முட்டைகள் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு உயிரோடு சென்றபோது வழி பிறந்தது. குளிரில் கருவின் வளர்ச்சி மெதுவாகிறது. முட்டை பொரியும் நாள் தள்ளிப்போகிறது. அந்தத் தாமதமே பயணத்துக்கு வேண்டிய அவகாசம்.

1880-களில் இலங்கையின் நுவரெலியாவிலும், 1900-இல் காஷ்மீரிலும் டிரவுட் வந்து சேர்ந்தது. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவர் இப்பணியை ஏற்றார். 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு 1910-ஐ ஒட்டி வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. இம்மீனின் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலை ஒட்டிய வட அமெரிக்காவும் கம்சட்காவும் ஆகும். ஆக, அது பல கண்டங்களைச் சுற்றிக்கொண்டு அவலாஞ்சிக்கு வந்திருக்கிறது!

இரு பக்கக் கணக்கு

இந்த வரலாற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மீன் வந்த கதையில் ஆண்டு உண்டு, கப்பலின் பெயர் உண்டு, கொண்டுவந்தவர் பெயர் உண்டு. அதற்கென அரசு ஆள் வைத்தது, பொரிப்பகம் கட்டியது. இறகு போன கதையிலோ ஈயின் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எந்த மலை, எந்தக் கை, எத்தனை சேவல் என்பதற்கு அந்த ஈக்களிடம் விடையில்லை. வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகத்தை நம் ஊர்க் கடைக்காரர்கூட ஏற்கமாட்டார்.

வரவும் முழு வரவுதானா என்பது அடுத்த கேள்வி. வானவில் டிரவுட்டை, புகுந்த இடத்து உயிர்களுக்குத் தீங்கு செய்யும் உலகின் நூறு மோசமான இனங்களுள் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000-இல் பட்டியலிட்டது. மலையோடைகளின் பூச்சிகளும் தவளைக் குஞ்சுகளும் சிறு மீன்களும் அதற்கு முன் இத்தகைய வேட்டையாடியைக் கண்டதில்லை. ஓர் ஓடையில் மீனை விடும் முன் அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள் என்று கேட்பது இன்றைய அறிவியல். அன்று அக்கேள்வி எழவில்லை.

இறகின் மீதுள்ள ஆசை இன்னும் ஓயவில்லை. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் நகர் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. திருடியவர் சால்மன் ஈ கட்டும் கலையில் மூழ்கிய ஓர் இளம் இசை மாணவர்! அறிஞர் வாலஸ் சேகரித்த மாதிரிகளும் அவற்றுள் இருந்தன. பெயர்ச்சீட்டு அறுக்கப்பட்ட தோல் ஆராய்ச்சிக்கு உதவாது. எங்கே, எப்போது கிடைத்தது என்ற செய்தி இல்லையேல் அது வெறும் இறகுதான்.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. இன்று வெளிநாடுகளில் வளர்ப்புக் காட்டுக்கோழியின் இறகும், பிளாஸ்டிக்கில் செய்த போலிப் பொட்டும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பூச்சிக்குப் போலி செய்த மனிதன், இறகுக்கும் போலி செய்யக் கற்றுக்கொண்டான். நம் குளங்களில் விராலுக்கு ரப்பர்த் தவளையை வீசும் இளைஞர்களும் இதே வழியில்தான் செல்கிறார்கள். ஓர் உயிருள்ள தவளை தப்பிக்கிறது.

அடுத்த முறை சிறுமலைப் பாதையில் போகும்போது காட்டுச் சேவலின் கூவல் கேட்டால் சற்று நில்லுங்கள். அதன் கழுத்திலிருந்து உதிர்ந்த பொட்டு இறகு ஒன்று வழியில் கிடந்தாலும் கிடக்கும். குனிந்து நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு அதை அங்கேயே விட்டு வாருங்கள். நாளும் இடமும் மட்டும் உங்கள் குறிப்பேட்டில் ஏறட்டும். அன்று எழுதப்படாமல் போன கணக்கின் முதல் வரியாக அது இருக்கும்.