பெயர் தெரியாத முகங்கள்



பெரம்பலூர், அரியலூர் பகுதிகளின் பழைய வீடுகளில், வாசற்காலுக்கு மேலே முன்சாய்ந்து தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றும் பார்க்கிறோம். தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. பின்னால் ஸ்டுடியோக்காரரின் ஓவியத் திரை. அருகே, கையில் மெழுகுதிரியோடு ஒரு சிறுமியின் புதுநன்மைப் படம்.

சில படங்களின் பின்புறம் 'திருச்சி ஜில்லா' என்றிருக்கும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் தனி மாவட்டம் ஆனது. ஒரு முகவரியே இவ்வளவு வரலாறு சொல்கிறது.

அதே நவம்பர் 23ஆம் நாள், 1956இல், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வரலாற்று நூல்கள் அமைச்சரின் பெயரைச் சொல்கின்றன. மாண்டவர்களின் முகங்களோ அவரவர் வீட்டுச் சுவரில்தான் இருக்கும். அந்தப் படமும் போய்விட்டால்?

சாத்தனூரில் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரத்தை மண் கல்லாக்கிக் காத்து வைத்திருக்கிறது. நாமோ ஐம்பது ஆண்டுப் படத்தைக்கூடக் காப்பதில்லை. வெள்ளையடிக்கக் கழற்றியது பரணுக்குப் போகிறது. ஈரமும் கறையானும் தின்கின்றன. படம் தப்பினாலும், "இது யார்?" என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்திருக்கிறது. அறிஞர்கள் தேடிவரும் செல்வம் நம் பரணில் கிடக்கிறது. ஆனால் படத்திலிருப்பவர் பெயரை நம் வீட்டுப் பெரியவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.

மத்தேயு நற்செய்தி பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. அதில் வரும் அசோர், ஆக்கிம் என்பவர்களைப் பற்றிப் பெயரைத் தவிர நமக்கு எதுவும் தெரியாது. யாரோ பெயரை எழுதி வைத்ததால் மீட்பின் வரலாற்றில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே படங்களை இறக்கித் துடைப்போம். பாட்டியின் அருகில் உட்கார்ந்து, யார், யாருடைய மகள், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்போம். பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுவோம். கைப்பேசியில் படத்தையும், பாட்டியின் குரலையும் பதிவு செய்வோம். ஐயம் வந்தால் பங்கின் திருமுழுக்குப் பதிவேடு உதவும்; பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும் நாளும் அதில் உண்டு.

கல்லறைத் திருநாளில் இறந்தோரைப் பெயர் சொல்லி மன்றாடுகிறோம். பெயர் மறந்துபோன முகங்களும் நம் மன்றாட்டுக்காகக் காத்திருக்கின்றன. சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு வைப்போம்.