பள்ளிக்கூடத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை: எது சேரும், எது சேராது

பள்ளிக் கட்டுரை என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் தோற்றம், வளர்ச்சி, நிருவாகம், பொதுவாழ்வில் அதற்குள்ள இடம் ஆகியவற்றைச் சான்றோடு சொல்லும் கலைக்களஞ்சியப் பதிவு. விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியங்களில் புதிதாக எழுத வருபவர்கள் அடிக்கடி கையிலெடுப்பது இவ்வகைக் கட்டுரைகளைத்தான். அடிக்கடி நீக்கப்படுபவையும் இவைதாம். படித்த பள்ளியின் மீதுள்ள பாசம் எழுதத் தூண்டுகிறது. எதை எழுதுவது என்பதில் தடுமாற்றம் வந்துவிடுகிறது.

தமிழில் முதல் பெரிய கலைக்களஞ்சியம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. உலகத்து அறிவையெல்லாம் பத்துத் தொகுதிக்குள் அடக்கவேண்டிய அந்தப் பணியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு இடம் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. தாள் கணக்கும் அச்சுக்கூலியும் அன்று எல்லையை வகுத்தன. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய பிறகு அந்த எல்லை மறைந்துவிட்டது. 2017 மே மாதத்தில் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியபோது, தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் பயிற்சி பெற்று அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நன்கு அறிந்ததிலிருந்து தொடங்குவது மனித இயல்பு. ஆசிரியருக்கு அது பெரும்பாலும் அவருடைய பள்ளிதான். இடத்துக்குப் பஞ்சமில்லாதபோது எல்லையை வகுப்பது சான்று ஒன்றே.

தனிக் கட்டுரையா, ஊர்க் கட்டுரையில் ஒரு பத்தியா

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில் பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள பேரூராட்சி சேவுகம்பட்டி. இவ்வளவு சிறிய ஊரின் தொடக்கப் பள்ளியைப் பற்றி ஒருவர் எழுத வந்தால் முதலில் பார்க்கவேண்டியது, பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒருவர் அந்தப் பள்ளியைப் பற்றி விரிவாக எங்காவது எழுதியிருக்கிறாரா என்பது. தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள். கல்வித்துறைப் பட்டியலில் பெயரும் பதினொரு இலக்கக் குறியீட்டு எண்ணும் இருப்பது பள்ளி உள்ளது என்பதற்கு மட்டுமே சான்று. அதைக்கொண்டு ஒரு வரி எழுதலாம், கட்டுரை எழுத முடியாது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. உயர்நிலைப் பள்ளி இருப்பது உறுதியானால் அதன் கட்டுரையை விட்டுவைப்பார்கள். தொடக்கப் பள்ளியை ஊர்க் கட்டுரைக்கு வழிமாற்றிவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் நடந்த நீண்ட கருத்தாடலின் முடிவில், உயர்நிலைப் பள்ளியாக இருப்பதே போதும் என்ற வாதம் இனிச் செல்லாது என்று ஆனது. இந்த முடிவு சரியானதுதான். ஆனால் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு கவனம் வேண்டும். இங்கே ஒரு பள்ளியைப் பற்றிய சான்று பெரும்பாலும் இணையத்தில் கிடைக்காது. நூலகத்திலோ மாவட்ட ஆவணத்திலோ சுவரில் பதித்த கல்லிலோதான் இருக்கும். கூகுளில் கிடைக்கவில்லை என்பதற்காகச் சான்றே இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். தேடியும் கிடைக்காதவரை பள்ளியை ஊர்க் கட்டுரையில் கல்வி என்ற தலைப்பின்கீழ் இரண்டு மூன்று வரிகளில் எழுதிவைப்பது நல்ல வழி. பின்னால் சான்று சேரும்போது அதைத் தனிக் கட்டுரையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஊருக்குரியதைப் பள்ளிக் கட்டுரைக்குள் திணிப்பதும் அடிக்கடி நேர்கிறது. சேவுகம்பட்டியில் தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலுக்கு வாழைப்பழம் சூறைவிடும் விழா பேர்பெற்றது. அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். இருந்தாலும் அது ஊர்க் கட்டுரைக்கு உரியது. நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்நின்ற, பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனின் வாழ்க்கையும் அவருக்கான தனிக் கட்டுரைக்கே உரியது.

வரலாறு

பள்ளிக் கட்டுரையின் உயிர் வரலாற்றுப் பகுதியில் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர், இடம் கொடுத்தவர், எந்த ஆண்டு எந்த வகுப்புவரை உயர்ந்தது, நிருவாகம் யாரிடமிருந்து யாரிடம் போனது ஆகியவை இதில் வரவேண்டும். இவற்றைத் தேடிப் போகிறவர் சில பெயர் மாற்றங்களை அறிந்திராவிட்டால் வழிதவறிப்போவார்.

முதலாவது மாவட்டப் பெயர். திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15 அன்றுதான் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் நிலக்கோட்டைப் பகுதிப் பள்ளிகளை மதுரை மாவட்டத்தின்கீழ் தேடவேண்டும். 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு, 1906-இல் வந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரச்சுவடி, 1960-இல் வந்த பாலிகாவின் விவரச்சுவடி ஆகியவை இதற்குத் தொடக்கப் புள்ளிகள். பள்ளியின் பெயர் கிடைக்காவிட்டாலும் அன்றைய கல்விநிலை இவற்றிலிருந்து தெரியவரும்.

இரண்டாவது பள்ளியின் வகை. ஊரார் இன்றும் போர்டு ஸ்கூல் என்று சொல்லும் பள்ளி, ஜில்லா போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது பெயர் மாறியிருக்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புத் துறை நடத்திய பள்ளிகள் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை அவை. ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகளும் இருக்கின்றன. எந்தத் துறை, ஏன் அந்தப் பள்ளியைத் தொடங்கியது என்பது கட்டுரையில் கட்டாயம் வரவேண்டும். நாங்குநேரியில் 2023-இல் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. பலகையிலிருந்து பெயரை எடுப்பது வேறு, வரலாற்றிலிருந்து எடுப்பது வேறு. பெயர் மாறினால் கட்டுரையின் தலைப்பு புதுப்பெயருக்கு மாறவேண்டும்; பழைய பெயரும் மாறிய தேதியும் உள்ளே இருக்கவேண்டும்.

மூன்றாவது மேல்நிலை என்ற சொல். தமிழ்நாட்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளோடு மேல்நிலைப் பள்ளிகள் வந்தது 1978-இல். 1950-இல் மேல்நிலைப் பள்ளியாகத் தொடங்கியது என்று எழுதியிருந்தால் அந்த வரியில் பிழை இருக்கிறது. அன்று அது உயர்நிலைப் பள்ளியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்திருக்கும்.

அரசுத் திட்டங்களைப் பள்ளி வரலாறாக எழுதக்கூடாது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல. அந்தந்தத் திட்டத்தின் கட்டுரையில் அவை இருக்கின்றன. விதிவிலக்கும் உண்டு. நீதிக்கட்சிக் காலத்தில், 1920-இல் சென்னை மாநகராட்சி முதன்முதலாக மதிய உணவு தொடங்கிய ஆயிரம் விளக்குப் பள்ளியைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையே குறைபட்டது.

மனிதர்கள்

முன்னாள் மாணவர் பட்டியலில்தான் பொய் எளிதாகப் புகுகிறது. சேவுகம்பட்டிக்கு அருகிலுள்ள வத்தலக்குண்டு தமிழிலக்கியத்துக்கு மூவரைத் தந்த ஊர்: கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜமையர், மணிக்கொடி இதழின் எழுத்தாளர் பி. எஸ். ராமையா, எழுத்து இதழை நடத்திய சி. சு. செல்லப்பா. இந்த வட்டாரப் பள்ளி எதைப் பற்றி எழுதினாலும் இம்மூவரில் ஒருவரையாவது மாணவராகச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஒரு ஊரைச் சேர்ந்தவர் என்பதற்காக அவர் அந்த ஊர்ப் பள்ளியில்தான் படித்தார் என்று ஆகிவிடாது. எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றிலோ, நேர்காணலிலோ பள்ளியின் பெயர் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் விட்டுவிடவேண்டும். பட்டியலில் சேரும் ஒவ்வொருவரும் பொதுவெளியில் அறியப்பட்டவராக இருப்பதும் தேவை.

தலைமையாசிரியர்களில் நூல்களிலும் செய்திகளிலும் இடம்பெற்றவர்களைச் சொல்லலாம். இப்போது பணியாற்றும் ஆசிரியர் அனைவரின் பெயரும் கைபேசி எண்ணும் கலைக்களஞ்சியத்தின் வேலை அல்ல. படிக்கும் பிள்ளைகளின் பெயர்கள் வேண்டவே வேண்டாம். 2023-இல் திண்டுக்கல் நகரப் பள்ளி மாணவி ஒருவர் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 600 பெற்றது தமிழ்நாடெங்கும் செய்தியானது. அந்தப் பள்ளியின் கட்டுரையில் அது ஒரு வரியாக இடம்பெறத் தகும்; அந்த வரிக்குப் பெயர் தேவைப்படாது. பிள்ளை வளர்ந்து தன் வழியில் போகட்டும். ஆண்டுதோறும் வரும் தேர்ச்சி விழுக்காட்டை அடுக்குவதாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநிலத் தரவரிசை அறிவிப்பது 2017-இலேயே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுக்கு மாநில முதலிடம் என்று யாராவது எழுதியிருந்தால் சான்று கேட்கவேண்டும்.

பெருமையும் துயரமும்

பள்ளியின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது இருவகையில் தவறு. அது காப்புரிமை மீறல். அதோடு, சிறந்த, தலைசிறந்த, முன்னணி என்ற சொற்கள் விளம்பரத்தின் மொழி. பள்ளியில் பணிபுரிபவர் தாமே எழுத விரும்பினால் கட்டுரையில் கைவைக்காமல் அதன் உரையாடல் பக்கத்தில் தகவலையும் சான்றையும் வைப்பது நேர்மை. நூற்றாண்டு விழா மலர் ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்க்க உதவும். அதன் புகழுரைகள் உதவா.

துயரத்தை மறைப்பதும் கலைக்களஞ்சியத்துக்கு அழகல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை வேய்ந்த வகுப்பறைகளின் ஆபத்தை நாடே உணர்ந்த நாள் அது. இத்தகைய நிகழ்வுக்குத் தனிக் கட்டுரையே உண்டு. வேறொரு பள்ளியில் இரண்டு நாள் செய்தியான சண்டைக்கு அந்த இடம் கிடையாது. பல ஆண்டு கழித்தும் அந்நிகழ்வைப் பற்றிப் பேசுகிறார்களா, அதனால் சட்டமோ நடைமுறையோ மாறியதா என்பதே அளவுகோல். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கென்றால் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது தண்டனைக்குரியது. அந்தச் சட்டம் குழந்தையின் பள்ளியையும் அடையாளமாகவே எண்ணுகிறது. ஆகவே இத்தகைய வழக்கில் பள்ளிக் கட்டுரை வாய்மூடி இருப்பதே முறை.

மணி அடிக்கும் நேரம், சீருடை நிறம், கட்டண விவரம், பேருந்துத் தடம், பள்ளிப் பாடல் வரிகள் ஆகியவை வேண்டாம்.

சான்று சேர்ப்பது

சேர்க்கைப் பதிவேடு அரிய ஆவணம்தான். ஆனால் அது தனிநபர் விவரம் நிறைந்தது, வெளியிடப்படாதது. அதைக் காட்டிக் கட்டுரை எழுதமுடியாது. அடிக்கல் பதித்த கல்வெட்டு அப்படியல்ல. யாரும் போய்ப் பார்க்கலாம்; தேதியும் அடிக்கல் நாட்டியவர் பெயரும் அதில் இருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போதும் கட்டடம் இடிக்கும்போதும் முதலில் காணாமல்போவதும் அந்தக் கல்தான். நாளிதழ்ச் செய்தி கிடைத்தால் நாளும் பதிப்பும் பக்கமும் குறித்துக்கொள்வது நல்லது; இணைய இணைப்பு மட்டும் இருந்தால் சில ஆண்டுகளில் அது செத்துப்போகும்.

சேவுகம்பட்டியிலோ சுற்றுவட்டத்திலோ படித்தவர்கள் இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பள்ளியின் அடிக்கல் கல்வெட்டைத் தெளிவாகப் படம் எடுங்கள். பிள்ளைகள் முகம் விழாதபடி, விடுமுறை நாளில் அனுமதி கேட்டு எடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவையுங்கள்.